குறைந்த விலைப்புள்ளியும் சமையல் பெண்களின் கூலியும்



பிரிட்டனில் இருபது ஆண்டுகள் நடைமுறையில் இருந்து, 2000ஆம் ஆண்டு ஜனவரியில் முடிவுக்கு வந்த ஒரு சட்ட ஏற்பாட்டைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். கட்டாயப் போட்டி ஒப்பந்தமுறை என்று அதைச் சொல்லலாம். ஒரு நகராட்சி தன் ஊர்க் குப்பையைத் தன் ஆட்களை வைத்தே அள்ள விரும்பினாலும், முதலில் அந்த வேலைக்கு டெண்டர் விட்டாக வேண்டும். தனியார் நிறுவனங்களோடு தன் சொந்த ஊழியர்களையும் போட்டியில் நிறுத்த வேண்டும். அவர்கள் விலைப்புள்ளி கொடுத்து ஜெயித்தால்தான், நேற்றுவரை பார்த்துவந்த வேலை நாளைக்கும் அவர்களுக்கு.

டெண்டர் என்றாலே தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. நகராட்சிப் பணம் மக்கள் பணம். அதைச் செலவழிக்கிறவர்கள் நாலு பேரிடம் விலை கேட்பது நியாயம், பல இடங்களில் அவசியம். விலையைத் தவிர வேறு சிலவற்றைக் கேட்கவே கூடாது என்று சட்டம் போட்டுத் தடுத்ததைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்தத் தடையால் யாருடைய பணம் மிச்சமானது என்பதைக் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கொஞ்சம் பின்னால் போவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் நகரங்களில் சாக்கடை, சாலை, பள்ளிக் கட்டட வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்ததாரர்கள் கையில்தான் இருந்தன. நகராட்சிகள் சொந்தமாக ஆள் வைத்து வேலை செய்யத் தொடங்கியது பின்னால் நடந்தது. அதற்குக் காரணம் ஏதோ ஒரு சித்தாந்தம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. லண்டன் கவுன்ட்டி கவுன்சில் 1889இல் அமைந்தது. லாம்பெத் பகுதியில் யார்க் சாலைச் சாக்கடை வேலைக்கு அதன் பொறியாளர் போட்ட மதிப்பீடு 7,000 பவுண்டு. வந்ததோ இரண்டே டெண்டர்கள், இரண்டும் 11,000 பவுண்டுக்கு மேல். கவுன்சில் அந்த வேலையைத் தானே எடுத்துச் செய்து, டெண்டர் தொகையைவிட வெகுவாகக் குறைந்த செலவில் முடித்தது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1890களின் தொடக்கத்தில் தனக்கென்று ஒரு பணித்துறையையே அமைத்துக்கொண்டது. ஒப்பந்ததாரர்கள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றுவதை முறியடிக்கப் பிறந்த ஏற்பாடு இது. ‘ரிங்’ போடுவது என்று நம் ஊர்க் கான்ட்ராக்டர்கள் சொல்வது அங்கேயும் அப்போதே இருந்தது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. அரசு வேலையை எடுக்கும் ஒப்பந்ததாரர், அந்தத் தொழிலில் வழக்கமாகக் கொடுக்கப்படும் நியாயமான கூலியைக் கொடுக்க வேண்டும் என்று 1891இல் பிரிட்டிஷ் மக்களவை தீர்மானம் போட்டது. நியாயக் கூலித் தீர்மானம் என்று அதற்குப் பெயர். 1909இலும் 1946இலும் அது வலுப்படுத்தப்பட்டது. நகராட்சிகளும் இதே போன்ற விதிகளைத் தங்கள் ஒப்பந்தங்களில் சேர்த்துக்கொண்டன. கூலியைக் குறைத்து டெண்டரை ஜெயிக்கக் கூடாது, திறமையால் ஜெயிக்கலாம் என்பது அதன் உட்பொருள். கன்சர்வேட்டிவ் அரசுகளும் லேபர் அரசுகளும் மாறி மாறி வந்தபோதும் அந்தத் தீர்மானம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

1978-79 குளிர்காலத்துக்கு வருவோம். விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. ஊதிய உயர்வு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று லேபர் அரசு கட்டுப்பாடு விதித்தது. பொதுத்துறைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். லண்டனில் திரையரங்குகள் நிறைந்த லெஸ்டர் சதுக்கத்தில் குப்பை மூட்டைகள் மலைபோலக் குவிந்தன. லிவர்பூலில் கல்லறைத் தோட்டப் பணியாளர்களும் வேலைக்குப் போகவில்லை. அந்தக் காட்சிகள் மக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தன. 1979 மே மாதம் மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்தார். நகராட்சி ஊழியர்களையும் அவர்களுடைய சங்கங்களையும் பற்றிச் சாதாரண வாக்காளர்களுக்கு அன்று இருந்த கோபம் உண்மையானது. அதை ஒப்புக்கொள்ளாமல் அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

1980ஆம் ஆண்டுச் சட்டம் கட்டட வேலைக்கும் சாலைப் பராமரிப்புக்கும் கட்டாய டெண்டரைக் கொண்டுவந்தது. நகராட்சியின் சொந்தப் பணிப்பிரிவு தனிக் கணக்கு வைக்க வேண்டும், போட்ட மூலதனத்துக்கு 5 விழுக்காடு வருவாய் காட்ட வேண்டும். 1981இல் சௌத்எண்ட் நகரம், எந்தச் சட்டமும் வற்புறுத்தாமல் தானாகவே குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்தது. லண்டனின் வாண்ட்ஸ்வொர்த் பின்தொடர்ந்தது. மற்ற ஊர்களும் வரிசையில் வந்து நிற்கும் என்று மத்திய அரசு எதிர்பார்த்தது. வந்தவை மிகச் சிலவே. தாங்களாகச் செய்யாததைச் செய்யவைக்கத்தான் 1988ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் வந்தது. அப்போது சுற்றுச்சூழல் துறை அமைச்சர் நிக்கலஸ் ரிட்லி. நகராட்சியின் வேலை சேவை செய்வதல்ல, சேவை கிடைக்க வழிசெய்வது என்று அதே ஆண்டில் அவர் ஒரு பிரசுரம் எழுதினார். கவுன்சிலர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடி, ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டு, மதிய உணவு சாப்பிட்டுவிட்டுக் கலைந்தால் போதும் என்பது அவருடைய இலட்சியம் என்று சொல்வார்கள்.

அந்தச் சட்டத்தின் பட்டியலைக் கவனியுங்கள். குப்பை அள்ளுதல், தெருக் கூட்டுதல், கட்டடங்களைத் துப்புரவு செய்தல், பள்ளி உணவு, மற்ற உணவுச் சேவைகள், பூங்கா மற்றும் மைதானப் பராமரிப்பு, வாகனப் பராமரிப்பு. அடுத்த ஆண்டு விளையாட்டு, நீச்சல்குள நிர்வாகம் சேர்ந்தது. கையால் உழைக்கும் எளிய மக்களின் வேலைகள்தான் முதலில் வந்தன. வழக்கறிஞர்கள், கணக்காளர்கள், கணினிப் பிரிவினர் செய்கிற அலுவலக வேலைகளுக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி செய்தது. அங்கே நடைமுறை பாதி தூரம் போவதற்குள் ஆட்சி மாறிவிட்டது.

நடைமுறை இப்படி இருந்தது. நகராட்சி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் வேலை வாங்குகிறவர்கள். இன்னொரு பக்கம் நேரடிச் சேவைப் பிரிவு, அதாவது வேலை செய்கிறவர்கள். நேற்றுவரை ஒரே அறையில் டீ குடித்தவர்கள் இப்போது முத்திரையிட்ட உறைகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். வேலை வாங்குகிற பக்கம் விவரக்குறிப்பு எழுதும்: எத்தனை சதுர மீட்டர் புல், எவ்வளவு உயரத்தைத் தாண்டினால் வெட்ட வேண்டும், எந்தத் தெருவை வாரத்தில் எத்தனை முறை கூட்ட வேண்டும், ஒரு வகுப்பறைக்கு எத்தனை குப்பைக் கூடைகள். குறைந்த விலைப்புள்ளியைத் தள்ளிவிட்டுச் சொந்தப் பிரிவுக்கே வேலை கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சரியில்லை என்று அமைச்சர் கருதினால் நோட்டீஸ் அனுப்பலாம், மறு டெண்டர் விடச் சொல்லலாம், அந்தப் பிரிவு அந்த வேலையையே செய்யக் கூடாது என்றும் உத்தரவிடலாம்.

இப்போது 1988 சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கும்போது ‘வணிகம் சாராத விஷயங்களை’ நகராட்சி கருதவே கூடாது என்றது அந்தப் பிரிவு. எவையெல்லாம் வணிகம் சாராதவை என்ற பட்டியலில் முதலாவது, ஒப்பந்ததாரர் தன் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் கூலி, விடுப்பு, பணி நிபந்தனைகள், பயிற்சி. கூலியே பெரும்பங்கு செலவாக இருக்கிற ஒரு வேலையில், கூலி வணிகம் சாராத விஷயமாகிவிட்டது!

அரசுக்கு ஒரு நோக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் சில நகராட்சிகள் நிறவெறித் தென்னாப்பிரிக்காவோடு தொடர்புள்ள நிறுவனங்களைப் புறக்கணித்தன. லண்டனின் லூயிஷம் ஷெல் நிறுவனத்தைப் புறக்கணித்து நீதிமன்றத்தில் தோற்றது. அந்த மாதிரி அரசியலை நிறுத்த வேண்டும் என்று பிரிவு 17 வந்தது என்பார்கள். தென்னாப்பிரிக்கப் புறக்கணிப்பைத் தடுக்க வேண்டுமென்றால் சட்டத்தில் அதற்கு மட்டும் ஒரு வரி போதும். தெருக் கூட்டுகிறவருக்கு மணிக்கு எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்பதையும் ஏன் தடுத்தார்கள்? இன சமத்துவத்தைப் பற்றி மட்டும், அமைச்சர் அங்கீகரித்த ஆறு கேள்விகளைக் கேட்க அனுமதி இருந்தது. பெண்களைப் பாகுபாடாக நடத்துகிறாயா என்று கேட்க அந்தச் சலுகைகூட இல்லை.

இதோடு வேறு சிலவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நியாயக் கூலித் தீர்மானம் 1982இல் ரத்துசெய்யப்பட்டு 1983இல் முடிவுக்கு வந்தது. சில தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்துவந்த ஊதியக் குழுக்கள் 1993இல் கலைக்கப்பட்டன. பிரிட்டனில் தேசிய குறைந்தபட்ச ஊதியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1999 ஏப்ரலில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் விவசாயக் கூலி தவிர மற்ற கூலிகளுக்குச் சட்டப்படி அடிமட்டமே கிடையாது. கட்டாய டெண்டர் முழுவேகத்தில் ஓடிய ஆண்டுகள் அவையே.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்ய 100 பவுண்டு செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 85 கூலி. சோப்பு, துடைப்பம், இயந்திரம் 8. மேற்பார்வையும் அலுவலகச் செலவும் 7. இந்த வேலையை 88க்கு எடுக்க வேண்டும், அதில் இலாபமும் 3 வேண்டும் என்றால், 15 எங்கிருந்து வரும்? சோப்பை யாரும் இலவசமாகத் தர மாட்டார்கள். மேற்பார்வையாளரை எடுத்துவிட்டால் வேலை நடக்காது. அந்த 85இல்தான் கை வைக்க வேண்டும். ஆட்களைக் குறைக்கலாம், மணி நேரத்தைக் குறைக்கலாம், கூலியைக் குறைக்கலாம், கோடை விடுமுறைக்குச் சம்பளம் இல்லை எனலாம். மணி நேரத்தைக் குறைப்பதில் இன்னொரு இலாபமும் உண்டு. வாரச் சம்பளம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் முதலாளி தேசியக் காப்பீட்டுத் தொகை கட்ட வேண்டியதில்லை. வாரத்துக்கு 16 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு, ஐந்து ஆண்டு பணி முடிந்த பிறகுதான் நியாயமற்ற பணிநீக்கத்தை எதிர்க்கும் உரிமை. 8 மணிக்குக் கீழே என்றால் அந்த உரிமையே இல்லை. 1994 மார்ச்சில், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை இந்த வரம்புகள் பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று சொல்லும்வரை நிலைமை இதுதான்.

நல்லது எதுவும் நடக்கவில்லையா என்றால், நடந்தது. 1986இல் பொருளியலாளர் டோம்பர்கரும் அவருடைய சகாக்களும் குப்பை அள்ளும் செலவை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டெண்டர் விட்டுத் தனியாரிடம் கொடுத்த இடங்களில் செலவு 22 விழுக்காடு குறைவு. டெண்டர் விட்டுச் சொந்த ஊழியர்களே ஜெயித்த இடங்களில் 17 விழுக்காடு குறைவு. இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. பழைய முறையில் வீண் இருந்தது. தங்கள் பூங்காக்களின் பரப்பு எவ்வளவு, தெருக்களின் நீளம் எவ்வளவு என்றே சரியாகத் தெரியாத நகராட்சிகள் இருந்தன. விவரக்குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் முதன்முறையாக அளந்தார்கள். 1988 சட்டத்துக்குப் பிறகு பல சேவைகளையும் சேர்த்து பர்மிங்ஹம் பல்கலைக்கழகத்தின் கீரன் வால்ஷ் செய்த ஆய்வில் சராசரிச் சேமிப்பு சுமார் 6 விழுக்காடு. விவரக்குறிப்பு எழுதவும் கண்காணிக்கவும் ஆன செலவு தனி. ஒப்பந்தங்களில் பெரும்பகுதியை நகராட்சிகளின் சொந்தப் பிரிவுகளே ஜெயித்தன என்பதையும் சொல்ல வேண்டும். அப்படியானால் தனியார்மயம் நடக்கவில்லையே, இதில் என்ன குறை என்று கேட்கலாம். எதைக் கொடுத்து ஜெயித்தார்கள் என்பதைப் பார்த்தால் குறை தெரியும்.

வடக்கு யார்க்‌ஷயருக்கு வாருங்கள். நான் இந்தப் பேச்சுக்கு ஒத்துக்கொண்டதே இந்த வழக்கைச் சொல்வதற்காகத்தான்.

இங்கிலாந்தின் வடபகுதியில் சின்னச் சின்ன ஊர்களும் பண்ணைகளுமாகப் பரந்து கிடக்கும் மாவட்டம் அது. பள்ளிகளில் மதிய உணவு சமைத்துப் பரிமாறுகிற வேலை. செய்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே பெண்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து, காய் நறுக்கி, அடுப்பில் ஏற்றி, பரிமாறி, பாத்திரம் கழுவி, பிள்ளைகள் வீடு திரும்புவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். பள்ளி விடுமுறை என்றால் இவர்களுக்கும் விடுமுறை. அந்த ஊர்களில், அந்த நேரத்துக்குப் பொருந்துகிற வேறு வேலை கிடையாது.

1987இல் நாடு முழுவதும் உள்ளாட்சி உடலுழைப்புப் பணியாளர்களின் வேலைகள் மதிப்பீடு செய்யப்பட்டன. எந்த வேலைக்கு எவ்வளவு திறன், பொறுப்பு, உடல் உழைப்பு வேண்டும் என்று ஒரே அளவுகோலில் அளந்தார்கள். பள்ளிச் சமையல் பெண்களின் வேலை, சாலை கூட்டும் ஆண்களுடைய வேலைக்கும், தோட்டக்காரர், குப்பை அள்ளுவோர் வேலைக்கும் சமமதிப்புடையது என்று முடிவானது. அதுவரை பெண்கள் வேலை என்று குறைத்து மதிப்பிடப்பட்டிருந்த உழைப்புக்கு முதன்முதலாக ஆண்களுக்குச் சமமான கூலி கிடைத்தது.

அடுத்து கட்டாய டெண்டர் வந்தது. ஒரு பகுதியின் பள்ளி உணவு ஒப்பந்தத்தைத் தனியார் நிறுவனம் ஒன்று ஜெயித்தது. அதன் விலைப்புள்ளி குறைந்ததற்குக் காரணம், அது சமையல் பெண்களுக்குக் கொடுத்த கூலி குறைவு. மீதிப் பகுதிகளையும் இழந்துவிடுவோம் என்று கவுன்ட்டி கவுன்சிலின் சேவைப் பிரிவு பயந்தது. என்ன செய்தது? அந்தப் பெண்களை வேலையிலிருந்து நீக்கி, அதே வேலைக்குக் குறைந்த கூலியில் மறுபடி எடுத்துக்கொண்டது. அந்தக் கூலியைக் காட்டி டெண்டரை ஜெயித்தது. சாலை கூட்டும் ஆண்களின் கூலி குறையவில்லை. ஒரே முதலாளி, சமமான மதிப்பீடு. கூலி மட்டும் வேறு.

பெண்கள் 1970ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். கவுன்சில் சொன்ன பதில் இது: நாங்கள் பெண்கள் என்பதற்காகக் குறைக்கவில்லை, சந்தை விலையோடு போட்டி போட வேண்டியிருந்ததால் குறைத்தோம். தொழில் தீர்ப்பாயத்தில் பெண்கள் ஜெயித்தார்கள். அடுத்த இரண்டு படிகளிலும் தோற்றார்கள். 1995 ஜூலையில் பிரபுக்கள் அவை இறுதித் தீர்ப்பைச் சொன்னது. சந்தையில் அந்தக் கூலி குறைவாக இருந்ததற்குக் காரணமே அது பெண்களின் வேலை என்பது. வேறு வேலைக்குப் போக வழியில்லாததால் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் குறைந்த சந்தை விலையை நகலெடுப்பது, சட்டம் எதை ஒழிக்க வந்ததோ அதையே செய்வதாகும் என்ற கருத்தில், பெண்கள் பக்கம் தீர்ப்பு வந்தது.

அந்தக் கவுன்சிலின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஒரே நாடாளுமன்றம் போட்ட இரண்டு சட்டங்கள். ஒன்று, போட்டி போடு, கூலியைப் பற்றிக் கேட்காதே என்கிறது. இன்னொன்று, சம வேலைக்குச் சமக் கூலி கொடு என்கிறது. போட்டியாளர் என்ன கூலி கொடுக்கிறார் என்று கேட்டு அதன் அடிப்படையில் அவரை மறுக்க உரிமை இருந்திருந்தால், கவுன்சில் தன் பெண்களை நீக்கியிருக்க வேண்டியதில்லை. கவுன்சில் செய்தது தவறு. அந்தத் தவறுக்குத் தள்ளியது 17ஆம் பிரிவு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இது ஒரு மாவட்டத்தின் கதை மட்டுமா? சம வாய்ப்பு ஆணையத்துக்காக 1995இல் கரேன் எஸ்காட்டும் டெக்ஸ்டர் விட்ஃபீல்டும் செய்த ஆய்வு, டெண்டர் விடப்பட்ட சேவைகளில் பெண்களின் வேலைவாய்ப்பு 22 விழுக்காடும் ஆண்களுடையது 12 விழுக்காடும் குறைந்ததாகக் கண்டது. பெண்கள் அதிகம் இருந்த பள்ளி உணவிலும் கட்டடத் துப்புரவிலும் மணி நேரமும் கூலியும் வெட்டப்பட்டன. சங்கம் வலுவாக இருந்த, ஆண்களே நிறைந்த குப்பை வண்டிகளில் ஊக்கத்தொகைகள் பல இடங்களில் தப்பின. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பர்மிங்ஹமைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இப்படிக் கூலியை வெட்டுவதற்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு தடை வந்தது. ஒரு நிறுவனம் கைமாறினால் தொழிலாளர்களின் பணி நிபந்தனைகளும் அப்படியே கைமாற வேண்டும் என்று 1977ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணை சொன்னது. பிரிட்டன் 1981இல் அதை விதிகளாக்கியபோது, வணிகம் அல்லாத அமைப்புகளுக்குப் பொருந்தாது என்று ஒரு விலக்கைச் சேர்த்துக்கொண்டது. நகராட்சிப் பணியாளர்கள் அந்த விலக்கில்தான் விழுந்தார்கள். 1993இல் நாடாளுமன்றம் விலக்கை நீக்கியது. 1994 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றமும் பிரிட்டன் ஆணையைச் சரியாக நிறைவேற்றவில்லை என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு பழைய கூலியையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிலை வந்ததும், ஒப்பந்ததாரர்கள் மத்தியில் கவலை பரவியது. வெறும் நிர்வாகத் திறமையால்தான் விலையைக் குறைக்கிறோம் என்றால் அந்தக் கவலைக்கு அவசியமே இல்லை.

சேவையின் தரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் எழுதாததை ஒப்பந்ததாரர் செய்ய மாட்டார். பூங்காக் காவலர் ஒரு நாளில் செய்கிற நூறு காரியங்களை யாராலும் விவரக்குறிப்பில் எழுதிவிட முடியாது. உடைந்த ஊஞ்சலைக் கட்டுவது, சண்டைபோடும் பையன்களை விலக்குவது, எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர் என்று தெரிந்திருப்பது. பல பூங்காக்களில் காவலர் போய், வாகனத்தில் வந்து புல்லை வெட்டிவிட்டுப் போகும் குழு வந்தது. பூச்செடிப் பாத்திகள் இருந்த இடத்தில் வெட்டச் சுலபமான புல்தரை வந்தது. பள்ளி உணவிலோ, 1980ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சத்துணவுத் தர விதிகளை ஏற்கெனவே நீக்கிவிட்டது. தர விதியும் இல்லை, குறைந்த விலையும் வேண்டும் என்றால் தட்டில் என்ன விழும்? உறைய வைத்துப் பொட்டலமாக வந்த பண்டங்களைச் சூடாக்கிக் கொடுப்பது பரவியது. 2005இல் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் தொலைக்காட்சியில் அதை நாட்டுக்குக் காட்டியபோதுதான் பெற்றோர்கள் கொதித்தார்கள். தர விதிகளை இறுக்கும் வேலை மறுபடி முழுமூச்சாகத் தொடங்கியது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இந்த முறையை இன்னும் முரட்டுத்தனமாகப் பின்பற்றியது. ஜெஃப் கென்னட் அரசு 1994இல் சட்டம் போட்டு, எந்தச் சேவை என்றுகூடச் சொல்லாமல், நகராட்சிகளின் செலவில் இத்தனை விழுக்காடு டெண்டருக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தது. மூன்றாவது ஆண்டில் பாதிச் செலவு. அதே சமயத்தில் 210 மன்றங்களை இணைத்து 78 ஆக்கியது. 1999இல் கென்னட் தோற்ற பிறகு அதுவும் கைவிடப்பட்டது.

பிரிட்டனில் 1999ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் கட்டாயத்தை நீக்கியது. அதன் இடத்தில் ‘சிறந்த மதிப்பு’ என்ற கடமை வந்தது: இந்தச் சேவையை ஏன் இப்படிச் செய்கிறோம் என்று கேள், மற்ற ஊர்களோடு ஒப்பிடு, மக்களிடம் கலந்துபேசு, போட்டியையும் பார். டெண்டர் விடுவது தொடர்ந்தது. விடலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை மன்றங்களுக்குத் திரும்பியது. சிறந்த மதிப்பைக் கணக்கிடும்போது தொழிலாளர் விஷயங்களையும் பார்க்கலாம் என்று 2001இல் ஓர் ஆணை 17ஆம் பிரிவைத் தளர்த்தியது.

சட்டம் போனாலும் அந்தக் காலத்துக் கூலி ஏற்றத்தாழ்வு போகவில்லை. பர்மிங்ஹமில் குப்பை அள்ளும் ஆண்களுக்கும் தெருக் கூட்டும் ஆண்களுக்கும் கிடைத்த ஊக்கத்தொகை, சமமதிப்புள்ள வேலை செய்த சமையல், துப்புரவு, பராமரிப்புப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. ஊக்கத்தொகையின் வேர் கட்டாய டெண்டருக்கு முந்தியது. டெண்டர் ஆண்டுகள் அந்த இடைவெளியை மூட விடவில்லை. வேலையை விட்டுப்போன பெண்களும் பழைய பாக்கியைக் கேட்கலாம் என்று 2012இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பரில், சம ஊதியக் கடனையும் காரணமாகக் காட்டி, அத்தியாவசியம் தவிர்த்த புதுச் செலவுகளை நிறுத்துவதாக பர்மிங்ஹம் மன்றம் அறிவித்தது. பெண்களுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்தது சேமிப்பு என்று கணக்கில் ஏறியது. பின்னால் அந்த நகரத்தின் நூலகங்களும் இளைஞர் மையங்களும் வெட்டுப்பட்டதற்கு அந்தப் பாக்கியும் ஒரு காரணமாயிற்று.

கடைசியாக நம் ஊர். தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் பல நகரங்களில் குப்பை ஒப்பந்தங்களை எடுத்த ஓனிக்ஸ், பிரான்சின் விவெண்டி குழுமத்தைச் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ள வந்ததும் அதே ஓனிக்ஸ்தான். 2007இல் ஒப்பந்தம் முடிந்து, வேறு நிறுவனங்கள் அடுத்தடுத்து வந்தன. சட்டம் கட்டாயப்படுத்தாமலே நாம் அந்தப் பாதையில் நடக்கத் தொடங்கிவிட்டோம்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியாரிடம் போவதை எதிர்த்து, மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்னால் இரவும் பகலுமாக அமர்ந்திருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 13 நாள் கழித்து, நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அவர்கள் கொள்கை விளக்கம் கேட்கவில்லை. மாநகராட்சியின் கீழ் மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கினோம், தனியாரிடம் போனால் 17,000 ரூபாய் அளவுக்குத்தான் வரும் என்றார்கள். வடக்கு யார்க்‌ஷயர் பெண்கள் கேட்ட கேள்வி இதிலிருந்து வேறுபட்டதல்ல.

இந்த அவையில் கவுன்சிலர்கள் இருக்கிறீர்கள். டெண்டர் படிவம் உங்கள் மாமன்றத்துக்கு வரும்போது கடைசிப் பக்கத்தில் உள்ள தொகையை மட்டும் பார்க்காதீர்கள். இன்று இந்த வேலையைச் செய்கிறவர் கையில் என்ன கூலி வாங்குகிறார், ஒப்பந்தத்தின் முதல் மாதம் என்ன வாங்குவார் என்று இரண்டு எண்களைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஆள் எடுக்கும் ஒப்பந்தங்களில் கூலியை நிலையாக வைத்துவிட்டு, ஒப்பந்ததாரரின் சேவைக் கட்டணத்துக்கு மட்டும் விலைப்புள்ளி கேட்கும் முறை நம் நாட்டிலேயே நடைமுறையில் இருக்கிறது. அதைத் தூய்மைப் பணி டெண்டர்களிலும் எழுதச் சொல்லுங்கள்: இன்றைய கூலியும் வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் போட்டிக்கு வெளியே. வண்டி, வழித்தடம், இயந்திரம், மேற்பார்வை போட்டிக்கு உள்ளே. இப்படி எழுதக் கூடாது என்று நம்மைத் தடுக்கும் 17ஆம் பிரிவு இங்கே இல்லை. டெண்டருக்கு முந்தைய கலந்தாய்வுக் கூட்டத்திலேயே இதைக் கேளுங்கள். விலைப்புள்ளி உறை திறந்த பிறகு நிபந்தனையை மாற்ற முடியாது.